கோர்ட்டில் சுகம் என்று சொன்ன உன் அப்பா

குமுளி,
21.01.2026, புதன்கிழமை.

என் அன்பு மகள் சித்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அயர்லாந்துக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வழக்கமாக அடுத்த வரியில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவேன், இந்த முறை எழுத மாட்டேன். அந்த ஒரு வார்த்தையால்தான் பதினைந்து நாளாக யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். போனில் சொல்லலாமே அம்மா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். நீ கூப்பிடும் நேரத்துக்கு உன் அப்பா சரியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் போனை வாங்கி "நல்லாத்தேன் இருக்கோம் தாயி, நீ வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அவரை எதிரில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்னத்தைச் சொல்வது. அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிற நேரத்தில், பழைய ரிஜிஸ்டரின் எழுதாத தாள்களைக் கிழித்து இதை எழுதுகிறேன். நடுவில் யாராவது எழுந்து அழுதால் வரி கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள்.

விபத்து நஷ்டபரிகாரக் கேஸுக்காக நம் வக்கீல் மாதுரி உன் கையெழுத்தோடும் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்கிறாள். நீயோ விபத்து நடந்த பிறகு பன்னிரண்டு நாள் லீவில் வந்து அழுதுவிட்டுப் போனவள், உனக்குத் தேதியும் தெரியாது வரிசையும் தெரியாது, எழுதும்போது உளறிவைக்காதே என்றுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். இரண்டரை வருடத்துக்கு முன் ஆவணி மாதம், ஏலக்காய் எடுப்பு தொடங்கின முதல் வாரம். அப்பா வழக்கம்போல் குமுளியிலிருந்து பத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வண்டன்மேட்டுப் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கிளம்பினார். மற்ற ஜீப்புக்காரர்கள் பதினாறு பேரை அடைத்துக்கொண்டு போவார்கள், இவர் பத்துக்கு மேல் ஒருத்தியைக்கூட ஏற்ற மாட்டார், அதற்காக நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். புறப்படும் முன் ஜீப்பின் பக்கத் தகரத்தைத் தட்டித் தட்டி ஒன்று, இரண்டு என்று ஆளை எண்ணுவார். ஒன்பது வரைக்கும் அவர் எண்ணுவார், பத்து என்பதை மட்டும் பின்கதவு ஓரத்திலிருந்து சந்தனமேரி சொல்வாள், கடைசியாக ஏறுகிறவள் அவள்தான். அவள் சொன்னால்தான் வண்டி நகரும். பதினோரு வருடமாக அப்படித்தான், அன்றைக்கும் சொன்னாள். அரைமணி நேரத்தில் ஒரு வளைவில் சுற்றுலாக் கார் ஒன்று தன் பக்கத்தை விட்டு ஏறி வந்து இடித்தது, ஜீப் சாய்ந்தது, ஒன்பது பெண்கள் காயத்தோடு தப்பினார்கள், சந்தனமேரி வண்டிக்கு அடியில் போய்விட்டாள். அப்பாவுக்கு நெற்றியில் ஏழு தையல், நாலு நாள் ஆஸ்பத்திரி, எலும்பு ஒன்றும் முறியவில்லை. தவறு முழுக்கக் கார்க்காரன் மேல் என்று போலீசே எழுதிவிட்டது.

எலும்பு முறியாததுதான் இப்போது நமக்குப் பெரிய குறையாகிவிட்டது. ஒரு கை ஒடிந்திருந்தால் இந்நேரம் கேஸ் முடிந்திருக்கும் என்று கோர்ட்டு வராந்தாவில் ஒரு குமாஸ்தா என்னிடமே சொல்கிறான், கையிலிருந்த கேஸ் காகிதக் கட்டை அவன் முகத்தில் எறியலாமா என்று இருந்தது. இவருக்கு என்ன ஆயிற்று என்பதை யாரிடம் எப்படிக் காட்டுவது. தழும்பு ஆறிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார், சவரம் செய்துகொள்கிறார், பேப்பர் படிக்கிறார். ஆனால் இருபத்தேழு வருடம் ஓட்டினவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வேர்த்து ஒழுகுகிறது. ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பஸ்ஸில் ஏற மாட்டார், ஆட்டோவில் ஏற மாட்டார், ரேஷன் கடைக்கும் டவுனுக்கும் அஞ்சு கிலோமீட்டர் நடந்தே போகிறார், வண்டிச் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு இறங்கிக் காபிச் செடிக்குள் நிற்கிறார். அதைவிட இந்த எண்ணிக்கை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறார், தட்டை எண்ணுகிறார், கொடியில் காயும் துணியை எண்ணுகிறார், ஒன்பது வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று தினமும் என்னோடு அங்கன்வாடிக்கு நடந்து வருவார், வந்து என் பதினாலு பிள்ளைகளையும் எண்ணுவார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஒரு நாள் அவர் ஒன்பது என்று நிறுத்தினதும் எல்லாமாகச் சேர்ந்து பத்து என்று கத்திவிட்டன. நான்தானே எண் சொல்லிக் கொடுத்தேன், அவை வேறு என்ன செய்யும். மனிதர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார், பிறகு மூன்று நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, நீயே சொல்.

நீ அங்கிருந்து பதினேழு பக்கம் அனுப்பினாயே, அங்கேயெல்லாம் மனசுக்குப் பட்ட அடிக்கும் நஷ்டபரிகாரம் உண்டு, இங்கேயும் உண்டு, கேளுங்கள் என்று. கேட்டாயிற்று. சட்டத்தில் உண்டுதான், மாதுரியும் சொல்கிறாள், ஆனால் வாங்குகிறவன் வாயைத் திறக்க வேண்டுமாமே, அதை அந்தப் பதினேழு பக்கத்தில் எவனும் எழுதவில்லை. கோட்டயத்தில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், போகவர என்ன பாடு பட்டேன் என்று தனியாக ஒரு கடிதம் எழுதலாம். அந்த டாக்டர் நல்ல மனிதர், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார், விபத்தால் வந்த நோய்தான், மாத்திரையும் தொடர்ந்து வைத்தியமும் வேண்டும், குணமாகும் என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையைத் தூக்குங்கள் என்றார்கள், தூக்கினார். உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிற்கிறவர் மாதிரி நாலு தரம் உட்கார்ந்து எழுந்தார். தூக்கம் வருமா என்று கேட்டதற்குப் படுத்தால் வரும் என்றார். நான் பின்னால் நின்று இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன், அம்மா நீங்கள் வெளியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இனி இந்த மாதம் ஆறாம் தேதி நடந்ததைக் கேள். தொடுபுழாவில் அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற நாள். குமுளியிலிருந்து கட்டப்பனை வழியாக நாலு மணி நேரத்துக்கு மேல் பஸ். வண்டியில் ஏற முடியாத மனிதர், வண்டியில் ஏற முடியவில்லை என்று சொல்வதற்காக நாலு மணி நேரம் வண்டியில் போக வேண்டும், எந்த மகராசன் இந்த ஏற்பாட்டைச் செய்தானோ. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், வளையல் அழுத்தின இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. குளமாவு இறக்கத்தில் இரண்டு தரம் வாந்தி. துண்டுக்குள்ளே வாய் மட்டும் ஒன்று, இரண்டு என்று ஓடிக்கொண்டே இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் முன் பெஞ்சில் ஏசுதாஸ் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் சந்தனமேரியின் வீட்டுக்காரர். ஒரே விபத்து என்பதால் அவர் கேஸையும் நம் கேஸையும் சேர்த்து ஒரே நாளில் எடுக்கிறார்கள், மாதுரிதான் இரண்டுக்கும் வக்கீல். கார்க்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வயதானவர், நரைத்த மீசை, நம் வீட்டுக்கு விருந்து வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, "செல்லத்துரைச்சேட்டா, சுகமல்லே?" என்று மலையாளத்தில் உன் அப்பாவை நலம் கேட்டார். இவர் இரண்டு கையையும் கூப்பி "சுகமாணு சாரே" என்றார். இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டார், பஸ்ஸில் என்றார். வேறு ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார் அந்தப் புண்ணியவான். வராமல் இருந்திருந்தால் கேஸைத் தள்ளியிருப்பார்கள், வந்தால் வந்ததே சுகத்துக்குச் சாட்சியாம். டாக்டர் எழுதினது எல்லாம் பெண்டாட்டி சொன்னது, ஆளே சுகம் என்கிறாரே என்று ஜட்ஜியிடம் ஒரு வரி சொன்னார், எல்லாம் பதிவாகிவிட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது ஏசுதாஸ் எழுந்து வெளியே போய்விட்டிருந்தார். மாதுரி பாலக்காடு கல்பாத்திப் பெண், தொடுபுழாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளே வராந்தாவில் பைலைப் பெஞ்சில் போட்டுவிட்டு, "என்ன மாமி இது, ரெண்டு வருஷமா நான் கட்டிண்டு வந்த கேஸை மாமா ரெண்டு நிமிஷத்துல கவுத்துட்டாரே, எனக்கு ஒண்ணும் ஓடலை" என்றாள். எனக்கு மட்டும் ஓடியதா என்ன. திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பேசினேன். நீ என்னைச் சண்டைக்காரி என்பாய், பரவாயில்லை, பாத்திரம் உடையாத குறைதான். ஏன் அப்படிச் சொன்னீர்கள், யாரோ ஒருவர் மரியாதைக்குச் சுகமா என்று கேட்டால் கோர்ட்டுக் கூண்டில் நின்றுகொண்டு சுகம் என்பீர்களா, நாளை தூக்குமேடையில் நிறுத்திக் கேட்டாலும் சுகம் என்பீர்களா என்று கேட்டேன். அவர், "அங்கன ஏசுதாஸு உக்காந்திருக்கான்டி. அவன் பொண்டாட்டி செத்துப்போனா. நான் உசுரோட நின்னுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு, ஒறக்கம் வரலேன்னு காசு கேக்கவா" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார், கோர்ட்டில் சுகம் என்று சொல்லிவிட்டு மாத்திரை தின்றால் பொய் சொன்னதாகிவிடுமாம். இப்படி ஒரு அரிச்சந்திரனை எனக்குத் தேடிக் கட்டிவைத்தார்கள்.

உன் தம்பி கௌசிக் பொங்கலுக்கு மறையூரிலிருந்து வந்திருந்தான். ரிசார்ட்டில் இப்போது அவனை வரவேற்பு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், நாலு கிலோ வெல்ல உருண்டை கொண்டுவந்தான், உனக்குக் கொடுத்தனுப்ப ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன். அப்பாவிடம் பேசிச் சரிக்கட்டுவான் என்று நம்பினேன். அவன் பைக் வாங்கியிருப்பதைக் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தான் பார், அறிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் டவுனுக்குப் போய்வருகிற வரைக்கும் இவர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு அவனே புரிந்துகொண்டு வண்டியைக் கீழே கடையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். அப்பாவும் பிள்ளையும் மூன்று நாள் வானிலை பற்றியும் ஏலக்காய் விலை பற்றியும் பேசினார்கள், கேஸைப் பற்றி மூச்சுவிடவில்லை. இந்த வீட்டு ஆண்களுக்கு வாய் எதற்கு வைத்தார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை.

ஒரு பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டது, கொடுத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏசுதாஸ் வீட்டுக்கு வந்தார். சந்தனமேரி அடக்கத்துக்குப் பிறகு அவர் நம் வாசலை மிதித்ததில்லை, நாமும் போகவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றுதான். வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. காபி போடப் போனவளை ஏசுதாஸ் நிறுத்தி, "காப்பி வேணாம் அக்கா, நான் அண்ணங்கிட்ட ஒண்ணு கேக்கத்தேன் வந்தேன்" என்றார். பிறகு அப்பாவிடம், "ஏண்ணே, யாரக் கேட்டுச் சுகம்னு சொன்னீக" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், உன்னை வைத்துக்கொண்டு எப்படிடா சொல்வேன் என்று முணுமுணுத்தார். ஏசுதாஸ் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "அந்தக் கார்க்காரன் கோர்ட்டுப் பக்கமே வரல. இன்சூரன்ஸ்காரருக்கு மேரி ஒரு நம்பரு. கூட இருந்த பொம்பளைக எல்லாம் வேற ஜீப்புல வேலைக்குப் போறாளுக, போகாம எப்பிடி. இன்னும் அவ இல்லேன்னு தெரிஞ்சு நடக்குற ஆளு என்னை விட்டா நீங்க ஒருத்தர்தேன். தெனம் காலையில எங்க வீட்டு முன்னால ரோட்டுல ஒன்பதோட நிறுத்திட்டு நிக்கிறீகளே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா. நான் சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன். நீங்களும் சுகம்னு சொல்லிட்டா அப்ப அந்த ஜீப்புல ஒண்ணுமே நடக்கலையா அண்ணே" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன் சித்ரா, எழுதுவதற்கு என்ன வெட்கம். இரண்டரை வருடமாக நாம் அவருக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறோம், அவரோ சன்னலில் நின்று இந்த மனிதரின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் சாப்பிட்டு முடித்ததும் அந்த வக்கீலம்மா மறுபடி எப்போது வரச் சொன்னாள் என்று கேட்டார், நான் கேட்காத பாவனையில் தேதியைச் சொன்னேன். மாதுரி விடாமல் மனுக் கொடுத்து, அவரை இன்னொரு முறை கூண்டில் ஏற்ற அனுமதி வாங்கிவிட்டாள், பிப்ரவரி பத்தாம் தேதி. இதுவும் போனால் பிறகு வழியில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டாள், கோட்டயத்து வைத்தியம் மாதா மாதம் தொடர வேண்டுமானால் அது இந்தக் கேஸை நம்பித்தான் இருக்கிறது, என் அங்கன்வாடிச் சம்பளத்தை நம்பி இல்லை. ஏசுதாஸையும் வரச் சொல்லு, அவன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் அப்பா. பிறகு அலமாரியைத் திறந்து மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய நான், இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை, ஏசுதாஸ் சொன்னதும் ஏறிற்றா என்று அதற்கும் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தேன். பிப்ரவரி பத்தாம் தேதி என்ன சொல்வாரோ தெரியாது. அந்த நரைத்த மீசை மறுபடியும் சிரித்துக்கொண்டு வந்து நலம் விசாரித்தால், கை தானாகக் கூப்பிக்கொள்கிற ஆள் இவர். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

உன் பங்குக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாக்குமூலத்தில் நீ படித்த பெரிய பெரிய வியாதிப் பெயரெல்லாம் எழுதாதே, அதை எழுத டாக்டர் இருக்கிறார். நீ லீவில் வந்தபோது உன்னை ஏர்போர்ட்டில் விட அவர் வராமல் போனாரே, வண்டிக்குப் பின்னால் வளைவு வரைக்கும் நடந்து வந்து நின்றாரே, அதை எழுது. உன் கண்ணால் பார்த்தது போதும். தொடர்ந்து இரவு டியூட்டி வாங்காதே, வாங்கினால் மறுநாள் யார் காரிலும் தூங்கி வழிந்துகொண்டு போகாதே, பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட்டைப் போடு. அங்கே ரோடு நேராக இருக்கிறது என்று சொல்லாதே, இடிக்கிறவனுக்கு வளைவு தேவையில்லை. தலைக்கு எண்ணெய் வை. கல்யாணப் பேச்சை நான் இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், முடிக்கிறேன். நேற்று சாயங்காலம் நானும் அப்பாவும் இங்கிருந்து வீட்டுக்கு நடந்து போனோம். ரோட்டோரத்து மைல்கல்லையோ மரத்தையோ எதையோ எண்ணிக்கொண்டு வந்தவர், ஒன்பதில் நிறுத்தினார். வழக்கம்போல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார் என்று நான் முன்னால் நடந்தேன். அவர் நின்றுவிட்டு, "அதுக்கு மேல வரமாட்டேங்குது சாந்தா" என்றார். இரண்டரை வருடத்தில் அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் முறை. நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

உனக்கு எந்தக் குறையும் வராமல், நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் கிடைக்க அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு நீ போன் செய்யும்போது நான் போனை நேராக அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். சுகமா அப்பா என்று தப்பித்தவறியும் கேட்காதே, அந்தக் கேள்விக்கு அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். இன்றைக்கு எதுவரைக்கும் எண்ணினீர்கள் என்று கேள். ஒன்பது என்பார். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் பேசுகிற வரைக்கும் போனை வைக்காமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. சாந்தம்மாள்